எமீமாவின் காது

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி சோபாவுக்கு வாங்க. வண்டிக்காரன் இன்னும் குரோம்பேட்டை தாண்டலைங்கிறான். மழை பெஞ்சு ரோடெல்லாம் தண்ணி, அரை மணியாவது ஆகும். ரெண்டு மாடி இறக்கணும், நாலு ஆள் இல்லாம வராதேன்னு சொல்லியிருக்கேன். பியானோ தூக்கிப் பழகின ஆளுங்கதான், நீங்க கவலைப்படாதீங்க.

ஏன் விக்கிறீங்கன்னு போன்ல கேட்டீங்க. வாசிக்க ஆள் இல்லைன்னேன். அது பொய் இல்லை. ஆனா முழுசும் இல்லை. இது என் மனைவி பியானோ சார். எமீமான்னு பேரு. சர்ச்சுல பெண்கள் ஐக்கியக் கூட்டம், போயிருக்கா, வர்ற நேரந்தான். அவ வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க திண்டிவனத்துக்காரர், இனிமே எங்க பார்க்கப் போறோம். ஒரு மனுஷன் எவ்வளவு பொறுமையா இருந்தான்னு ஒரு ஆளுக்காவது தெரியணும் இல்லையா.

என் வேலையைச் சொன்னா சிலபேர் சிரிப்பாங்க. பியானோ இல்லாமலே பியானோ வாசிக்கிற சாஃப்ட்வேர் இருக்கு பாருங்க, கம்ப்யூட்டர்ல போட்டு, ஒரு கீபோர்டை மாட்டி வாசிக்கிறது, அதுல பழைய காலத்துச் சுருதிகளைக் கொண்டு வர்றது என் வேலை. ஜெர்மனியில ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டுல உட்கார்ந்தே செய்யறேன்.

பழைய காலத்துச் சுருதின்னா என்னன்னு கேப்பீங்க. இப்ப நாம கேக்குற பியானோவுல பன்னிரண்டு கட்டைக்கும் நடுவுல ஒரே அளவு தூரம். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி அப்படி இல்லை. ஏன்னா அதுல ஒரு கணக்குச் சிக்கல் இருக்கு. சா-வுக்கு பா சுத்தமாச் சேர்த்து, அந்தப் பா-வையே சா-வா வச்சுக்கிட்டு அதுக்கு ஒரு பா சேர்த்து, இப்படியே பன்னிரண்டு தடவை போனா கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும். சேராது. கொஞ்சம் தாண்டிப் போயிடும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இருக்கிற தூரத்துல கால்வாசி. அந்த மிச்சத்தை எங்கயாவது தள்ளியாகணும். எங்க தள்றதுங்கிறதுதான் மொத்த விஷயமும். இப்ப நாம எல்லாக் கட்டை மேலயும் சமமாப் பிரிச்சுப் போட்டுட்டோம். எதுவும் சுத்தமில்லை, எதுவும் மோசமும் இல்லை. அந்தக் காலத்து ஆளுங்க, அடிக்கடி கை போற இடத்தை எல்லாம் அழகா வச்சுக்கிட்டு, அழுக்கை எல்லாம் யாரும் போகாத ஒரு மூலையில தள்ளிட்டாங்க. அந்த மூலையில கை வச்சா ஊளை விடும். அதுக்குப் பேரே ஓநாய்தான். நிஜமாத்தான் சார், புஸ்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கும்.

ஊருக்கு ஒரு வழி, ஆளுக்கு ஒரு வழின்னு அப்படி நூத்துக்கணக்கான சுருதி இருந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நான் ஒரு ஃபைல் போடணும். ஃபைலுக்குள்ள பன்னிரண்டே பன்னிரண்டு எண். ஒரு கட்டைத் தூரத்தை நூறாப் பிரிச்சா அதுல ஒரு பங்குக்கு சென்ட்னு பேரு. எந்தக் கட்டை எத்தனை சென்ட் ஏறணும், எது இறங்கணும். அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குப் பன்னிரண்டு எண். எனக்கு மாசக்கணக்குல உழைப்பு.

எமீமா பாளையங்கோட்டைக்காரி. அவ படிச்ச ஸ்கூல்ல இந்தப் பியானோவைக் கழிச்சுப் போட்டப்ப அவங்க அப்பா வாங்கி, ஆள் வச்சுச் சரி பண்ணிக் கொடுத்தது. கல்யாணத்துக்கு இதையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்தா. வீட்டுல எட்டு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிப்பா. காது அப்படி ஒரு காது சார். தெருவுல ஆட்டோ ஹாரன் அடிச்சா, அது பியானோவுல எந்தக் கட்டைன்னு, பி ஃப்ளாட், கொஞ்சம் கம்மின்னு கீரை ஆஞ்சுக்கிட்டே சொல்லுவா. புதுசுல எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. ஃப்ரெண்ட்ஸ் வந்தா, எமீமா இதைச் சொல்லு, அதைச் சொல்லுன்னு டம்ளரைத் தட்டிக் காட்டுவேன். பெருமைப்படத் தெரியாத ஆள் இல்லை நான். அதை நீங்க மனசுல வச்சுக்கணும்.

போன வருஷம் ஜூன் மாசம். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், ஜெர்மனியில காலையில. வீடியோ கால். ஊல்ரிக்னு அந்தக் கம்பெனி முதலாளி, கூட ரெண்டு பேர். நான் மூணு மாசமாப் பண்ணின ஒரு சுருதியைப் போட்டுக் காட்டிக்கிட்டிருக்கேன். எல்லாரும் தலையை ஆட்டுறாங்க. அந்த நேரம் பார்த்து இவ கொய்யாப் பழம் நறுக்கி ஒரு தட்டுல கொண்டு வந்தா. தட்டை வச்சிட்டுப் போகலாம் இல்லையா. நின்னா. நின்னு, "ஏங்க, அந்த ஜி ஷார்ப் மட்டும் ஏறியிருக்கே. நாலு சென்ட் இருக்கும்"னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா அந்த வார்த்தை எல்லாம் எந்த பாஷையிலயும் ஒண்ணுதானே. ஜி ஷார்ப், ஃபோர், சென்ட். ஊல்ரிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு நிமிஷம்னான். அளந்து பார்த்தான். பார்த்துட்டுச் சிரிச்சான் சார். நாலு இல்லையாம், மூணே முக்காலாம். "நாங்க தப்பான ஆளை வேலைக்கு வச்சிருக்கோம் போலிருக்கு"ன்னான். மூணு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இவளுக்கு இங்கிலீஷ் வேகமாப் பேசினாப் புரியாது, என்னத்துக்குச் சிரிக்கிறாங்கன்னு என்னைப் பார்த்து அவளும் சிரிச்சா.

நான் கொஞ்சங்கூட கோபப்படலை. இன்னிக்கு வரைக்கும் அவ மேல கை ஓங்கினவன் இல்லை நான். கொய்யாப் பழத்தைக்கூடச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மெயில் வருது. டியர் எமீமா. கீழே நகலா என் பேரு. அவளைக் காது பார்க்கிற ஆளா வச்சுக்கறாங்களாம். ஒவ்வொரு ஃபைலும் அவ கேட்டு, சரின்னு சொன்னப்புறந்தான் போகணுமாம். நான் பண்ணினதை என் வீட்டுலயே பாஸ் போடுறதுக்கு ஒரு ஆள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கலை. "ஏங்க, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பார்க்கப் போறோம்"னா. அன்னிக்குக் கேசரி பண்ணினா. சேர்ந்துங்கிறா பாருங்க.

ரெண்டு மூணு வாரம் நல்லாத்தான் போச்சு. பதினோரு மணிக்குச் சமையல் முடிச்சிட்டு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உட்காருவா. கேப்பா. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொல்லுவா. இது சரி. இது சரி. இது ஒண்ணு கம்மி. எழுதிக்கிட்டே நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன், எழுத்தர் மாதிரி. ஒரு தடவையாவது தப்பு விடுவான்னு பார்த்தேன். விடலை.

அப்பதான் ஒரு யோசனை வந்தது. இப்படி ஒரு காதை நம்பி ஒரு கம்பெனியே நிக்குதுன்னா, அந்தக் காதை யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா? பார்க்கலை. சோதிக்கணும்னா, சோதிக்கப்படுற ஆளுக்கு அது தெரியக் கூடாது. மருந்துக் கம்பெனியில அப்படித்தான் பண்றாங்க. அதனால முதல் நாள் அவ சரின்னு சொன்ன ஒரு ஃபைலைத் திறந்து, ஒரே ஒரு எண்ணை மாத்தினேன். ஈ கட்டை. மூணு சென்ட் கீழே. மறுநாள் அதையே போட்டு, "இன்னொரு தடவை கேட்டுடு, அனுப்பிடலாம்"னேன்.

கேட்டா. முகம் மாறிச்சு. "ஈ இறங்கியிருக்கே"ன்னா.

"நேத்து சரின்னு சொன்னியே."

"நேத்து சரியாத்தான் இருந்தது. மாத்தினீங்களா?"

"அதே ஃபைல்தான்."

அதே ஃபைல்தான் சார். பேரும் அதேதான், இருக்கிற இடமும் அதேதான். நான் பொய் சொல்லலை. அவ கேள்வியைச் சரியாக் கேட்டிருந்தா பதிலும் சரியாச் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்.

ஹெட்ஃபோனைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டா. மறுபடி கேட்டா. "இறங்கித்தான் இருக்கு"ன்னா. நான் அதையும் எழுதிக்கிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் அதைப் பழையபடி வச்சிட்டேன். மறுநாள் போட்டேன். "இன்னிக்குச் சரியா இருக்கு"ன்னா. அவளே சொல்லிட்டு அவளே பயந்துட்டா.

அப்படித்தான் ஆரம்பிச்சது. வாரத்துக்கு மூணு தடவை, நாலு தடவை. ஒருநாள் ஏத்துவேன், ஒருநாள் இறக்குவேன், ஒருநாள் தொடவே மாட்டேன். எல்லாத்தையும் தேதி போட்டுக் குறிச்சு வச்சேன். நான் என்ன மாத்தினேன், அவ என்ன சொன்னா. ரெண்டு வரிசை. பக்கத்துல யாரும் இல்லாதப்ப அதைப் பார்த்தா எனக்கே ஆச்சரியமா இருக்கும். ஒண்ணரை சென்ட் மாத்தினாக்கூடப் பிடிச்சிடுறா. அவளுக்கு மட்டும் அது தெரியலை. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம், நேத்து சரியா இருந்தது இன்னிக்குத் தப்பாக் கேக்குது, இன்னிக்குத் தப்பானது நாளைக்குச் சரியாக் கேக்குது. "ஏங்க, என் காது எங்கிட்டயே பொய் சொல்லுது"ன்னு ஒருநாள் சொன்னா. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு. நான் ரசம் ஊத்திக்கிட்டேன். என்ன சொல்லச் சொல்றீங்க? சொன்னா சோதனையே கெட்டுப் போயிடுமே.

முதல்ல ஹெட்ஃபோன் சரியில்லைன்னா. புதுசு வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் காதுல அழுக்குன்னா. சொட்டு மருந்து விட்டுக்கிட்டா. போன் பேசறதை நிறுத்தினா. மிக்ஸி ஓடுறப்ப காதைப் பொத்திக்கிட்டு பால்கனிக்குப் போயிடுவா. காதைக் காப்பாத்துறாளாம். ஆகஸ்ட் மாசம், காது டாக்டரைப் பார்க்கணும்னா. நானே லீவு சொல்லிட்டுக் கூட்டிக்கிட்டுப் போனேன். எத்தனை புருஷன் போவான்?

கண்ணாடி அறையில உட்கார வச்சு அரை மணி நேரம் சோதிச்சாங்க. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துட்டு, "பத்து வயசுப் பிள்ளைக்குக்கூட இப்படிக் கேக்காது. உங்க காதுல ஒரு குறையும் இல்லை"ன்னாங்க. அவ என்ன சொன்னா தெரியுமா? "அப்படின்னா எனக்கு மூளையிலதான் கோளாறா டாக்டர்?" டாக்டரம்மா சிரிச்சாங்க. இவ சிரிக்கலை. அவளை வெளியில உட்கார வச்சிட்டு நான் டாக்டர்கிட்ட தனியாப் பேசினேன். வீட்டுல எந்நேரமும் இதே நினைப்பு, இல்லாததெல்லாம் கேக்குதுங்கிறா, ராத்திரி தூங்கறதில்லைன்னு சொன்னேன். அதெல்லாம் உண்மைதானே. மனசு அமைதிக்குன்னு ஒரு மாத்திரை எழுதினாங்க. அதைப் போட்டா அவளுக்குப் பதினோரு மணிக்கே கண்ணு சொருகும். இருந்தாலும் வந்து உட்காருவா. கடமையில குறை சொல்ல முடியாது.

ஒரு தடவை மட்டும் எனக்குக் கொஞ்சம் திக்குனு ஆச்சு. செப்டம்பர் மாசக் கடைசி. சர்ச்சுல அறுப்பின் பண்டிகை வருது, விளைஞ்சதைக் காணிக்கையாக் கொண்டு வந்து ஏலம் விடுவாங்க. கிதியோன்னு எங்க பாடகர் குழுத் தலைவர், மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம், வீட்டுக்கே வந்துட்டார். இவ ரெண்டு வாரமா ஞாயித்துக்கிழமை வாசிக்காம ஒதுங்கியிருந்தா. "நாலு குரல்ல பெரிய பாட்டு ஒண்ணு வச்சிருக்கேன் எமீமா. நீ வாசிக்கலைன்னா எடுக்க மாட்டேன்"னு உட்கார்ந்துட்டார். இவளும் சரின்னுட்டா. அன்னையிலருந்து இதோ இந்தப் பியானோவுல தினம் ரெண்டு மணி நேரம் பழகினா. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, என் அறை வாசல்ல வந்து நின்னா. முகம் பளிச்சுனு இருந்தது. எத்தனையோ மாசத்துக்கப்புறம் அப்படிப் பார்க்கிறேன்.

"என்னங்க, இதுல வாசிச்சா எனக்கு எல்லாம் சரியாக் கேக்குது. ஒருநாள்கூட மாறலை. உங்க கம்ப்யூட்டர்லதான் மாறுது"ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? உங்க கம்ப்யூட்டர்லதான்னு சொல்றா. வருஷக்கணக்கா உழைச்சது. நேரா என்னைக் கை நீட்டிக் குத்தம் சொல்ற மாதிரி இருந்தது. ஆனாலும் பொறுமையாத்தான் சொன்னேன். "எமீமா, அந்தப் பியானோவுக்கு சுருதி சேர்த்து ஒரு வருஷம் ஆச்சு. அது கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கும். உன் காதும் அதுகூடவே இறங்கியிருக்கும். அதான் உனக்குச் சரியாக் கேக்குது"ன்னேன்.

வாசல்லயே நின்னு, "அப்படியும் இருக்குமா?"ன்னா. "இருக்குமே"ன்னேன். போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு பியானோ மூடியைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு.

சர்ச்சுல டிஜிட்டல் பியானோதான் சார். ஸ்பீக்கரோட இணைச்சது. அதை மைக் மேஜையில இருக்கிற கம்ப்யூட்டர்ல மாட்டி நம்ம சாஃப்ட்வேரை நான்தான் போட்டுக் கொடுத்தேன், இலவசமா. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை காலையில மைக் எல்லாம் சரி பார்க்கப் போனேன். அந்தப் பெரிய ஹால்ல பழைய சுருதி எப்படிக் கேக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஓநாய் இருக்குன்னேனே, அந்தச் சுருதியைப் போட்டு வாசிச்சுப் பார்த்தேன். சி-யில ஆரம்பிச்சு வாசிச்சா அப்படி ஒரு இனிமை. ஏ ஃப்ளாட்ல போனீங்கன்னா ஊளை. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.

மறந்துட்டேன். இல்லை, மறந்தேன்னு சொல்றது சரியில்லை. ஞாயித்துக்கிழமை காலையில பைக்குல போறப்ப ஞாபகம் வந்தது. இவ பின்னாடி உட்கார்ந்திருக்கா, நோட்டுப் புஸ்தகத்தை மடியில வச்சுக்கிட்டு. பாட்டு ஏ ஃப்ளாட்ல. போனவுடனே மாத்திடணும்னு நினைச்சேன். ஆனா அங்க போனா வாசல் பூரா கரும்பு, வாழைத்தாரு, பூசணிக்காய், சனம். ஆராதனை நடத்துற சர்ச் ஐயர் வேற நிக்கிறார். எல்லார் முன்னாடியும் போய் மாத்தினா, ஏன் மாத்துறான், நேத்து என்ன பண்ணினான்னு கேப்பாங்க. அதுவும் போக, இப்ப மாத்தினா இவளுக்கு என்ன தோணும்? இவர்தான் எல்லாத்தையும் மாத்துறார்னு தோணும். அது நல்லதா?

அவ போய் உட்கார்ந்தா. நான் பக்கத்துல மைக் மேஜையில. என்னைத் திரும்பிப் பார்த்து, "சாதாரணமாத்தானே வச்சிருக்கீங்க?"ன்னா. நான் தலையை ஆட்டினேன். சத்தம் குறைச்சு ஒரு சி கார்டு, மூணு கட்டையைச் சேர்த்து அழுத்துறது, வாசிச்சுப் பார்த்தா. அதான் சொன்னேனே, அந்த இடம் மட்டும் சாதாரணத்தைவிட நல்லாக் கேக்கும். அப்படியே முகம் மலர்ந்துடுச்சு. எங்கிட்ட திரும்பிச் சிரிச்சா. ஜூன் மாசத்துக்கு முன்னாடி சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. நான் மைக் ஒயரைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

குழு எழுந்து நின்னுச்சு. மாஸ்டர் கையைத் தூக்கினார். இவ ரெண்டு கையையும் வச்சு முதல் கார்டை அழுத்தினா.

ஊளைதான் சார். அந்த ஹால் முழுக்க. முன் பெஞ்சில ஒரு குழந்தை காதைப் பொத்திக்கிச்சு. சனத்துக்கு அது சுருதின்னு தெரியுமா? தப்புக் கட்டையை அழுத்திட்டான்னு நினைச்சாங்க. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இவ தன் கையைப் பார்த்தா. ஒவ்வொரு விரலாப் பார்த்தா, சரியான கட்டையிலதான் இருக்கு. மறுபடி அழுத்தினா. மறுபடி அதேதான். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. மாஸ்டர், "என்னம்மா, எங்க வாசிக்கிறே?"ன்னு மெதுவாத்தான் கேட்டார், மைக்குல விழுந்துடுச்சு. அவ என்னைப் பார்த்தா. நான் திரையைப் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்குங்கிற மாதிரி தலையை அசைச்சேன். அவ கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. குழு பியானோ இல்லாமலே பாடி முடிச்சாங்க. பாட்டு முடியற வரைக்கும் அவ அந்தக் கட்டைகளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. எழுந்து போயிருக்கலாம். போகலை.

காணிக்கை எடுக்கிற நேரம், எல்லாரும் எழுந்து வரிசையில போறாங்க, அப்ப சாதாரணச் சுருதிக்கு மாத்திட்டேன். ஒரே ஒரு கிளிக்.

ஆராதனை முடிஞ்சு வெளியில காய்கறி ஏலம் நடக்குது. உள்ள நானும் அவளும் மாஸ்டரும்தான். "ஏங்க, தயவுசெஞ்சு ஒரு தடவை பாருங்க, இதுல ஏதோ கோளாறு"ன்னா. நான் உட்கார்ந்து அதே கார்டை வாசிச்சேன். ஏ ஃப்ளாட். சுத்தமா இருந்தது. மாஸ்டர், "நல்லாத்தானே இருக்கு"ன்னார். "நீயே வாசிச்சுப் பாரு"ன்னு எழுந்து இடம் கொடுத்தேன். வாசிச்சா. நல்லா இருந்தது. மறுபடி வாசிச்சா. நாலு தடவை, அஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும் நல்லா இருந்தது. அது தப்பாக் கேக்கணும்னு அவ வேண்டிக்கிட்டு வாசிக்கிற மாதிரி இருந்தது சார். அழலை. மாஸ்டர்தான் அவ தோளைத் தட்டிக் கொடுத்தார். "ரெஸ்ட் எடும்மா. இந்த வருஷம் பூரா ரெஸ்ட் எடு"ன்னார்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் எட்டு பிள்ளைங்க வீட்டுக்கும் அவளே போன் பண்ணினா. வேற டீச்சரைப் பாருங்கன்னு. ஒரு அம்மா, ஏங்க நல்லாத்தானே சொல்லிக் கொடுக்கறீங்கன்னு கேட்டிருக்காங்க போல. "நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துடுவேங்க. பிள்ளைக்குத் தப்பாவே பழகிடும்"னு சொன்னா. அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு, நித்திலான்னு, ரெண்டு நாள் வந்து கதவைத் தட்டிட்டுப் போச்சு. இவ திறக்கலை.

ஊல்ரிக் கேட்டுக்கிட்டே இருந்தான். எமீமா எங்க, எமீமா ஏன் எழுதறதில்லை. நவம்பர்ல எழுதினேன், அவளுக்குக் கேக்குற சக்தி குறைஞ்சு போச்சு, இதைப் பத்தி அவகிட்ட எழுத வேண்டாம், மனசு உடைஞ்சு போயிருக்கான்னு. நீளமா ஒரு கடிதம் எழுதினான். ரொம்ப வருத்தம்னு. அதை அவகிட்ட காட்டலை, எதுக்குக் கிளறிக்கிட்டு. அந்த வேலையை நானே எடுத்துக்கிட்டேன். நான் குறிச்சு வச்சிருந்த ரெண்டு வரிசை இருக்கே, அதை அனுப்பினேன். சோதனை நடந்த விதம், தேதி, எல்லாம். கேட்ட ஆள்ங்கிற இடத்துல என் பேரு போட்டேன். வேற யார் பேரைப் போடறது? காது கேக்காத ஆள் பேரையா?

மொத்தம் நாற்பத்தொண்ணு தடவை சோதிச்சிருக்கேன் சார். முப்பத்தொன்பது சரி. ஒண்ணரை சென்ட் வரைக்கும். தப்பான ரெண்டும் மாத்திரை ஆரம்பிச்ச வாரம், அதைக் கணக்குலயே சேர்க்கக் கூடாது. ஊல்ரிக் அதைப் பார்த்துட்டு, இப்படி ஒரு காதை என் வாழ்நாள்ல கண்டதில்லைன்னு எனக்கு எழுதினான். அதைப் படிச்சப்ப எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. சந்தோஷமா வருத்தமான்னு தெரியலை. வீட்டுல சொல்லிப் பகிர்ந்துக்க ஆள் இல்லாம போச்சு பாருங்க, அந்த வருத்தம்.

நீங்க என்னை அப்படிப் பார்க்காதீங்க. இப்ப வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா? சண்டை இல்லை. எதுக்கும் எதிர்வார்த்தை இல்லை. குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னுகூட என்னைக் கேட்டுத்தான் அடுப்பை அணைக்கிறா. பியானோவை வித்துடலாம்னு சொன்னதும் அவதான். நான் வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்லலை.

இதோ, வந்துட்டா. மெதுவாப் பேசுங்க.

வா எமீமா. இவர்தான் பியானோவுக்கு வந்திருக்கிறவர். திண்டிவனம். பொண்ணுக்காக வாங்குறார், ஒன்பது வயசு. ஆமா, வண்டி வந்துக்கிட்டே இருக்கு.

என்ன சார்? அவங்க ஒரு தடவை வாசிச்சுக் காட்டணுமா? வேண்டாமே, அவளுக்கு இப்ப பழக்கம் விட்டுப் போச்சு. சரி, நீங்க கேக்குறீங்க. எமீமா, சும்மா ஒரு நாலு கட்டை வாசி. நின்னுக்கிட்டே வாசி, போதும்.

ம். என்ன? ஈ இறங்கியிருக்கா?

எங்க, இன்னொரு தடவை அழுத்து.

இல்லையே எமீமா. சரியாத்தானே இருக்கு.

பாத்தீங்களா சார், அவளே சொல்றா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. சரிம்மா, நீ போய் சாருக்கு ஒரு காபி போடு. சக்கரை கொஞ்சமா.

உள்ள போயிட்டாளா? கிட்ட வாங்க. அந்த ஈ இறங்கித்தான் இருக்கு. நாலு சென்ட், மிஞ்சினா அஞ்சு. ஊருக்குப் போனதும் ஆள் வச்சுச் சரி பண்ணிக்குங்க, பொண்ணுக்குத் தப்பாப் பழகிடக் கூடாது. என்ன காது பாத்தீங்களா? அப்படியே இருக்கு. ஒரு குறையும் இல்லை.